ஈரக் கையால் எடுத்த அரிசி

எங்கள் வீட்டில் அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு மண்கலயம் இருக்கும். சின்னக் கலயம். மேலே சிரட்டை மூடி. அதில் விழுகிற அரிசி எங்களுடையது இல்லை. கர்த்தருடையது.

உலை வைக்கும்போது அரிசியை அளந்து முறத்தில் போடுவேன், நாங்கள் சுளவு என்போம். அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவேன். மூடையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்தால் அது சேராது. சமைக்க என்று அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்போதுதான் அது நம் வாயிலிருந்து எடுத்தது ஆகும். பிடியரிசி என்பார்கள். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் இது உண்டு. நாஞ்சில் நாட்டிலிருந்து கலியாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறினபோது என் சாமான்களோடு அந்தக் கலயமும் வைக்கோல் சுற்றி வந்தது. வழியில் மற்றது எல்லாம் கீறல் விட்டது. அது விடவில்லை.

பிடி எடுக்கும் முன் கையைக் கழுவ வேண்டும். மீன் வெட்டின கை, கரி பட்ட கை அந்த அரிசியில் படக்கூடாது. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். முன்பு இருந்த ஓர் ஐயரின் மனைவி பெண்கள் கூட்டத்தில் சொன்ன சொல் இது. அவர்கள் மாற்றலாகிப் போனார்கள். சொல் நின்றுவிட்டது. கழுவின கையை யாரும் துடைப்பதில்லை. சேலையில் துடைத்தால் திரும்பவும் அழுக்குத்தானே. ஆகவே ஈரக் கையோடு ஒரு பிடி. விரலில் ஒட்டின மணிகளையும் தட்டி உள்ளே விடுவோம்.

என் புருசன் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"உன் கை சிறிசு. அதப் பாத்துத்தான் உன்னக் கெட்டினேன். இல்லேன்னா பாதிச் சோறு கோயிலுக்குப் போயிருக்கும்."

"உங்க வாய் பெரிசு. அத நான் பாக்காமக் கெட்டிட்டேன்" என்பேன்.

அவர் ஆரியசாலையில் ஓர் அரிசி மண்டியில் மூடை சுமந்தார். வீடு தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால். ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சாய்ப்பு. ரயில் கூவுகிற சத்தத்தில்தான் எங்களுக்கு நேரம் தெரியும். காலை வண்டி வந்தால் அவர் எழும்புவார். சாயங்கால வண்டி போனால் நான் விளக்கு ஏற்றுவேன். அதற்கு முன் ஏற்ற மாட்டேன். மண்ணெண்ணெய் சும்மா வருமா?

ஒரு தேங்காய் வாங்கினால் அதில் ஒன்றும் வெளியே போகாது. உள்பருப்பு கறிக்கு. தண்ணீர் பிள்ளைக்கு. தொண்டு என்கிற நார்மட்டை அடுப்புக்கு. சிரட்டை அகப்பைக்கு, உடைந்தால் அதுவும் அடுப்புக்கு. தீக்குச்சி கிழிப்பது அபூர்வம். பக்கத்து வீட்டிலிருந்து சிரட்டையில் கங்கு வாங்கி வருவேன். நாளைக்கு அவர்கள் என்னிடம் வாங்குவார்கள். சோறு வடித்த கஞ்சியில் துணிக்குப் பசை. மீதி ஆட்டுக்கு.

இதற்கெல்லாம் உக்கிராணத்துவம் என்று பெரிய பெயர் இருப்பது பிரசங்கத்தில் கேட்டுத்தான் தெரியும். உக்கிராணக்காரன் என்றால் சொந்தக்காரன் இல்லை, சாவி வைத்திருக்கிறவன் என்று ஐயர் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் பூட்டு இல்லை. ஆனாலும் பிடித்திருந்தது.

சனிக்கிழமை பிடியரிசி எடுக்கப் போவது நானும் என் கூட்டாளியும். அவள் என்னைவிட இளையவள். இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவள் புருசனின் அண்ணன்தான் எங்கள் சபை மூப்பர். ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். மற்ற நாளில் சபை மூப்பர் கையில்.

கூடை என் இடுப்பில். பேச்சு அவள் வாயில். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவோம். டீ விற்கிற சாயக்கடைக்காரி வீட்டில்தான் எப்போதும் சிரிப்பு.

"வந்தாச்சா ரெண்டு பேரும்? கலயத்த எடுத்துக்கிட்டு ஓடிருங்க. இல்லேன்னா இந்த மனுசன் அதையும் இடிச்சுப் புட்டு அவிச்சு வித்துருவாரு."

உள்ளே இருந்து அவள் புருசன் சொல்வார். "கர்த்தருக்கு ஒரு குழா புட்டு குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

"உங்க புட்டத் தின்னா அவரு திரும்ப வாற நாளு இன்னும் தள்ளிப் போகும்" என்பாள் என் கூட்டாளி.

சாயக்கடைக்காரி எந்நேரமும் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பாள். கை காய்ந்து நான் பார்த்ததில்லை.

கூடையில் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். ஒரு வீட்டில் சிவப்புக் குத்தரிசி. ஒரு வீட்டில் ரங்கூன் அரிசி. ஒரு வீட்டில் பச்சரிசி. சாயங்காலம் கோயில் முற்றத்தில் அதை விற்போம். சபையில் கஷ்டப்படுகிறவர்கள் வாங்குவார்கள். கடை விலையைவிடக் குறைவு. கையில் இல்லாதவர்களுக்குச் சும்மாவும் போகும். அது யார் என்று மூப்பருக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். அந்த அரிசியை வேகவைப்பது பெரிய பாடு. பச்சரிசி குழைந்து பசையாகும்போது குத்தரிசி கல்லாக நிற்கும். ஒரே வாயில் கூழும் இருக்கும், கடலையும் இருக்கும். சபைச் சோறு என்று கேலி பேசுவார்கள். பேசிக்கொண்டே தின்பார்கள். திங்கட்கிழமை ஆகும்போது ஒரு மணி மிஞ்சாது.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு அந்தக் கூடையின் பாரம்தான் முதலில் இடுப்பில் தெரிகிறது.

எங்கள் கோயில் ஓலைக் கூரை. ஒரு வருசம் காற்று பாதி ஓலையைக் கொண்டுபோயிற்று. ஆராதனை முடிந்ததும் மூப்பர் எழுந்து நின்றார். அவர் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவர். அச்சடித்து முடிந்தால் ஒவ்வொரு ஈய எழுத்தையும் அதனதன் குழியில் திரும்பப் போட வேண்டும். அந்தப் பழக்கம் ஆளிடமும் இருந்தது. கோயிலில் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டிச் சேர்த்துத் திரும்ப மெழுகுவர்த்தி ஊற்றுவார். அவர் கையில் சபையின் காசு ஒன்றும் கெட்டதில்லை. இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"வருசா வருசம் ஓலை மாத்துகோம்" என்றார். "மாத்தின காச எல்லாம் சேத்திருந்தா இந்நேரம் ஓடு போட்டிருக்கலாம். ஓலைக்குக் குடுக்கது கரையானுக்குக் குடுக்கது. இனி பிடியரிசிய வாரா வாரம் விக்காண்டாம். ஒரு வருசம் சேத்து வைப்போம். விலை ஏறும்போது மொத்தமா மண்டியில குடுப்போம்."

என் புருசனைப் பார்த்தார். மண்டி ஆள் அல்லவா.

"ஏறும்" என்றார் இவர். "சண்டை நடக்குல்லா. அரிசிதான் முதல்ல ஏறும்."

என் கூட்டாளி பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டாள். "வாரா வாரம் வாங்குகவங்க என்ன செய்வாங்க அத்தான்?"

"ஒரு வருசந்தானே. கடையில வாங்கட்டும். அரிசிக்குப் பஞ்சமா வந்திருக்கு?"

அப்போது வரவில்லை. எல்லாரும் சரி என்றோம். நானும் கை தூக்கினேன்.

ஒரு பழைய பத்தாயம் வாங்கினார்கள். நெல் போட்டு வைக்கிற பெரிய மரப்பெட்டி. அதைக் கோயிலின் உள்மூலையில் வைத்தார்கள். மேலே மழை இறங்காமல் இருக்க மூப்பரே ஏறி அங்கு மட்டும் இரட்டை ஓலை கட்டினார். பூட்டுப் போட்டார். சாவி அவருடைய அரைஞாணில். மூடியில் ஒரு துவாரம் போட்டு அதற்கு ஒரு மரக்கட்டை அடைப்பும் செய்தார். நாங்கள் அடைப்பைப் பிடுங்கி, கூடையைக் கவிழ்த்து, திரும்ப அடைத்துவிடுவோம். மூடியைத் திறக்க வேண்டியதே இல்லை.

"யாரு மேலயும் யாருக்கும் சந்தேகம் வரப்பிடாது. என் மேலயும்" என்றார்.

நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தோம்.

அந்த வருசமே அசாம் பக்கம் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பட்டாளத்துக்கு ரோடு போடுகிற வேலை. என் கூட்டாளியின் புருசன் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அவள் அப்போது மாசமாக இருந்தாள். மூப்பர் அவர்கள் வாசலில் வந்து நின்று தடுத்தார்.

"காய்ச்சல் காடு அது. போகாத. இருக்கத வச்சு இங்க பிழைக்கலாம்."

"நீங்க பிழைங்க. மெழுகு சுரண்டி நான் பிழைக்க முடியாது" என்றார் தம்பி.

மூப்பருக்கு முகம் கறுத்தது. அவளைப் பார்த்துச் சொன்னார். "காசு வரும் காசு வரும்னு சொல்லுகாம்லா? வரட்டும். பாப்போம்."

தம்பி போய்விட்டார். அவள் மனசில் அந்தச் சொல் இருந்துவிட்டது. பாப்போம் என்றது.

பையன் பிறந்தான். முதலில் மணியார்டர் வந்தது. அவள் அதைச் சபையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். பிறகு நின்றது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ரங்கூன் அரிசி வருவதும் அதற்குள் நின்றிருந்தது. சப்பான்காரன் பிடித்துவிட்டான் என்றார்கள். ஆரியசாலையில் மண்டிகள் பாதிக் கதவைச் சாத்தின. மூடை இல்லாமல் சுமட்டுக்காரனுக்கு என்ன வேலை? என் புருசன் காலையில் போய், வாசலில் உட்கார்ந்துவிட்டு, மத்தியானம் வெறுங்கையோடு வருவார். ரேஷன் வந்தது. அதை வாங்கவும் காசு வேண்டும். வாங்கினாலும் அது வாரத்தில் பாதிக்குத்தான். மீதி நாள் மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளிதான். காலையில் அவித்தது, மத்தியானம் அவித்தது, ராத்திரி அவித்தது. பேரை மாற்றித் தின்றோம்.

"இன்னைக்கு என்ன?"

"பிரியாணி."

"நேத்துப் பாயசம்லா?"

"ஆமா. நாளைக்கு அவியல்."

எல்லாம் கிழங்குதான். பிள்ளைகள் சிரித்தன. சிரித்தால் கொஞ்சம் இறங்கும்.

அந்த நாளிலும் பிடி நிற்கவில்லை. அரிசி பொங்குகிற நாளில் பிடி எடுத்தோம். பிடி சிறுத்தது. ஆனால் எடுத்தோம். கையைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தோம். பத்தாயத்தில் விழும்போது முன்பு சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு பிறகு சத்தம் கேட்கவில்லை. பத்தாயம் நிறைந்துவிட்டது, அதனால் என்று நினைத்தோம். ஒரு வாடையும் இருந்தது. எலி செத்துக் கிடக்கும் என்றாள் சாயக்கடைக்காரி. மூப்பர் சுற்றிலும் தேடினார். எலி கிடைக்கவில்லை.

அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. "இன்னும் கொஞ்சம் நாளு" என்றார் மூப்பர். "ஓட்டுக்கும் ஆச்சு, உத்தரத்துக்கும் ஆச்சு." அவர் வீட்டிலும் கிழங்குதான். அவர் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை என் கூட்டாளி வீட்டுக்குக் கூடையோடு போனேன். அவள் பையனை மடியில் போட்டுத் தரையில் இருந்தாள். எழும்பவில்லை.

"கலயத்த நீங்களே எடுத்துக்கிடுங்க அக்கா."

எடுத்துக் கவிழ்த்தேன். அரிசி விழவில்லை. வெள்ளைத் துண்டுகள் விழுந்தன. மரச்சீனியைச் சின்னதாக அரிந்து வெயிலில் காய வைத்தது.

"என்னட்டி இது?"

"பிடி."

"இதுவா பிடியரிசி?"

"அளந்ததுல ஒரு பிடி எடுக்கணும்னுதானே சொல்லியிருக்கு? நான் அளந்தது இதான்."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சிரிக்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.

"அரிசி எப்பத் தீந்தது?"

"அது ஆச்சு கொஞ்சம் நாளு. மணியார்டர் வரல்ல. ரேஷன் எடுக்கக் காசு இல்ல."

பையன் மார்பில் வாய் வைத்தான். இழுத்தான். விட்டுவிட்டு அழுதான். அழுகையில் சத்தம் இல்லை. வாய் மட்டும் திறந்தது.

"பால் இல்ல அக்கா" என்றாள். "இழுத்து இழுத்துப் பாக்கான். கருப்பட்டித் தண்ணி குடுக்கேன். துப்புகான்."

எங்கள் வீட்டிலிருந்து கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள். அது ஒரு வேளைக்கு. என் வீட்டிலும் நாலு வாய்.

"அத்தான்கிட்டச் சொல்லு. அவரு கைவிடமாட்டாரு."

"சொல்லமாட்டேன். பாப்போம்னு சொன்னவரு. பாத்துட்டாருன்னு ஆகாண்டாம். நீங்களும் சொல்லப்பிடாது. சொன்னா அப்புறம் இந்த வாசல்ல ஏறாதீங்க."

"பிள்ளை செத்துப் போகும் ஏட்டி."

அவள் பையனைத் தோளுக்கு மாற்றிப் போட்டாள்.

"சொல்லல" என்றேன். "போதுமா?"

மற்ற வீடுகளுக்குப் போய்விட்டுக் கோயிலுக்கு நடந்தேன். வழக்கமாகக் கூடையைக் குலுக்கிச் சமமாக்குவேன். அன்று குலுக்கவில்லை. போகிற வழியில் நின்று, கிழங்குத் துண்டுகளைப் பொறுக்கி மேலே வைத்தேன். வாக்குக் கொடுத்தது வாய். கை கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே மூப்பர் கோயிலில் இருப்பார். பலகையில் உட்கார்ந்து மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார். கூடையை அவர் கண்ணுக்கு நேராக வைத்தேன்.

"இது என்னது?"

"பிடி."

"மரச்சீனியா? ஆரு இந்தக் கேலி செய்கது?"

"கேலி இல்ல."

"எந்த வீடு?"

"சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

அவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"உன் கூட்டாளிய எங்க? ஏன் வரல்ல?"

"பிள்ளைக்குச் சொகமில்ல."

"என்ன சொகமில்ல?"

"பசி."

அவர் கையில் இருந்த கத்தி நின்றது. வெளியே வண்டி ஷண்டிங் அடிக்கிற சத்தம் கேட்டது. கிழங்குத் துண்டைச் சட்டைப்பையில் போட்டார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. கத்தியால் அறுத்தார்.

"தனியாத் தொறக்கப்பிடாது. சபைச் சொத்து. ஆளக் கூப்பிடு" என்றார்.

ஓடினேன். சாயக்கடைக்காரி கிளாஸைப் போட்டுவிட்டு வந்தாள். அவள் புருசன் வந்தார். என் புருசன் மண்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறவர், வழியில் அகப்பட்டார்.

மூப்பர் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார்.

வாடை முகத்தில் அடித்தது. எலி இல்லை. அரிசிதான். மேலே வண்டு கறுப்பாக நகர்ந்தது. பலகை ஓரமெல்லாம் அரிசி கட்டியாகிச் சுவர் மாதிரி ஒட்டியிருந்தது. பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம். என் புருசன் தோள் வரை கையை உள்ளே விட்டார்.

"சூடா இருக்கு. ஈரம் எறங்கியிருக்கு."

எல்லாரும் கூரையை அண்ணாந்து பார்த்தோம். அங்கே ஓலை இரட்டை. ஒரு பொட்டு ஒழுகின அடையாளம் இல்லை. தரையிலும் ஈரம் இல்லை. பத்தாயத்துக்குக் கீழே கல் வைத்து உயர்த்தித்தான் வைத்திருந்தது.

"பின்ன எங்கேருந்து ஈரம்?" என்றார் மூப்பர். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

சாயக்கடைக்காரி தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுவுகிற வேலையை விட்டு ஓடி வந்த கை. விரல் நுனியில் தண்ணீர் நின்றது.

"நாமதான்" என்றாள். "இந்தக் கைதான். கழுவிட்டு ஈரத்தோட போட்டோம்லா, எல்லா வீட்டுக்காரியளும்."

நான் என் கையைப் பார்த்தேன்.

"கையத் தொடைச்சிருக்கப்பிடாதா?" என்றார் மூப்பர். கேட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் விடவில்லை. "வாரா வாரம் தின்ன நாள்ல இந்தக் கை எதையும் கெடுக்கல்லியே மூப்பரே. பூட்டி வச்சது நாங்களா, நீரா?"

"நீங்களும் கை தூக்கினீங்கல்லா?"

"தூக்கினோம். அந்தக் கையும் ஈரந்தான்."

வாய்ச்சண்டை இன்னும் ஏறியிருக்கும். என் புருசன் நடுவில் வந்தார்.

"நீங்க சண்டைய முடிக்கது வரைக்கும் வண்டு காத்து நிக்காது. நடுவுல உள்ளது கெடல்ல. பாயக் கொண்டாங்க."

பாய் வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது. சுளவு வந்தது. பெண்கள் வந்தார்கள். ஓரத்தில் கட்டியானதை எல்லாம் வெட்டி எடுத்துத் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தோம். பாதிக்கு மேல் போயிற்று. மீதியை முற்றத்தில் பரப்பினோம். நல்ல வெயில். வண்டு தானாக நடந்து போனது. காக்கையை விரட்ட மூப்பர் குடையை எடுத்துக்கொண்டு பாய்க்குப் பாய் நடந்தார். ஓடு போட வைத்திருந்தது அந்தப் பாயில் கிடந்தது.

நடுவில் குடையை என்னிடம் தந்துவிட்டுப் போனார். எங்கே என்று கேட்க வேண்டியதில்லை.

என் கூட்டாளியின் வாசலில் அவர் உள்ளே ஏறவில்லையாம். முற்றத்திலேயே நின்றாராம். சட்டைப்பையிலிருந்து கிழங்குத் துண்டை எடுத்துக் காட்டினாராம்.

"உன் பிடி வந்து சேந்துது. கோயில்ல கஞ்சி வைக்காங்க. பிள்ளையத் தூக்கிட்டு வா."

"பாத்தாச்சா அத்தான்?" என்று கேட்டாளாம்.

"பாத்துட்டேன். என்னத்தான் பாத்துக்கிட்டேன். வா."

இது அவள் பிறகு எனக்குச் சொன்னது. பையனை அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்து வந்ததை நான் பார்த்தேன். அவள் பின்னால் மெதுவாக வந்தாள். என்னைப் பார்த்து முறைத்தாள்.

"சொல்லிட்டீங்க."

"ஒரு வார்த்தை சொல்லல. உன் அத்தான்கிட்டக் கேளு."

"வாயால சொல்லல்ல" என்றார் மூப்பர்.

புடைத்து, பொறுக்கி, கல் நீக்கி, முதலில் ஓர் அண்டாவுக்கு மட்டும் அரிசி அளந்து பெரிய சுளவில் வைத்தோம். கழுவப் போகிற நேரம். அவள் எழுந்து வந்தாள்.

"நில்லுங்க. பிடி எடுக்கல்ல."

சாயக்கடைக்காரி வாயைப் பிளந்தாள். "பிடியரிசியிலேருந்து பிடியா? உனக்குப் பசியில புத்தி கெட்டுப்போச்சா?"

"சமைக்க அளந்ததுதானே இது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிச் சிரித்தது அன்றுதான். என் புருசன் பாயில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சுளவுக்கு முன்னால் நின்றாள். மூப்பரும் சிரிக்கவில்லை.

"எடுக்கட்டும்" என்றார்.

அவள் செம்புத் தண்ணீரில் கையைக் கழுவினாள். பழக்கத்தில் சுளவுக்குள் போன கை பாதியில் நின்றது. மூப்பர் தன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து நீட்டினார். அவள் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு எடுத்தாள். மெலிந்த கை. சின்னப் பிடி. அதைக் கொண்டுபோய்க் காலிப் பத்தாயத்தில் போட்டாள். அடிப்பலகையில் விழுந்த சத்தம் முற்றம் வரை கேட்டது.

கஞ்சி வெந்தது. பாதி பசை, பாதி கல். ஏழு தண்ணீர் மாற்றியும் கொஞ்சம் பழைய வாடை இருந்தது. காந்தாரி மிளகாயும் உப்பும் வைத்துச் சம்மந்தித் துவையல் அரைத்தோம். அவளுக்கு முதல் தட்டு. அவள் குடிக்கிறதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். ஸ்டேஷன் பக்கம் படுத்துக்கிடக்கிறவர்கள் புகை பார்த்து வேலியோரம் வந்து நின்றார்கள். எங்கள் சபையும் இல்லை, எங்கள் வேதமும் இல்லை. மூப்பர் எங்களைப் பார்த்தார். சாயக்கடைக்காரி, "என்னப் பாத்தா என்ன? கூப்பிடும். கிளாஸ் எங்கிட்ட இருக்கு" என்றாள். கூப்பிட்டார்.

மீந்த அரிசியை அன்றே வீடு வீடாகப் பங்கு வைத்தோம். கூடுதல் பங்கு யாருக்குப் போயிற்று என்பது பழையபடி மூப்பருக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். அவளுக்குப் பால் ஊற நாலைந்து நாள் ஆயிற்று. அதுவரை எனக்குப் பயம்தான். ஒரு விடியற்காலம் இரண்டு வீடு தள்ளிப் பையன் அழுகிற சத்தம் கேட்டது. ஊரை எழுப்புகிற சத்தம். என் புருசன் புரண்டு படுத்து, "இனி தூக்கம் இல்ல" என்றார். எனக்கு அது சங்கீதமாக இருந்தது.

பிறகு பத்தாயத்துக்குப் பூட்டு இல்லை. பூட்டை மூப்பர் அச்சாபீசில் யாருக்கோ கொடுத்துவிட்டார். பஞ்சம் தீருகிறவரை சனிக்கிழமை வந்த அரிசி சனிக்கிழமையே போயிற்று. எல்லா வீட்டிலும் கலயத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு துணித்துண்டு தொங்கியது. யாரும் கட்டளை போடவில்லை.

அந்த மழைக்காலம் கோயில் ஒழுகியது. உலர்ந்த பக்கம் பெண்களும் பிள்ளைகளும் இருந்தோம். மூப்பர் ஒழுகுகிற இடத்தில் குடை பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தார். அடுத்த மழைக்கு முன் தம்பி அசாமிலிருந்து வந்துவிட்டார். ஆளைவிட அவர் கொண்டுவந்த கம்பளிதான் பெரிதாக இருந்தது. காய்ச்சலில் கிடந்ததால் காசு அனுப்ப முடியவில்லை என்றார். அண்ணனும் தம்பியும் கூரையில் ஏறி ஓலை கட்டினார்கள். கீழே நின்று முடைந்த ஓலையைக் கொடுத்தது நான்.

"கரையானுக்குக் குடுக்கீங்களே அண்ணே" என்றார் தம்பி.

"அதுக்கும் பசிக்கும்லா" என்றார் மூப்பர்.

ஓடு சண்டை முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. மூப்பர் அதைப் பார்த்தார். பார்த்த வருசமே போய்விட்டார். அவர் சட்டைப்பையில் அந்தக் கிழங்குத் துண்டு வெகுநாள் கிடந்ததாக அவர் மனைவி சொன்னாள். உளுத்துப் பொடியாகித்தான் போனதாம். சாயக்கடைக்காரியும் இல்லை. என் புருசனும் இல்லை. என் கூட்டாளி இருக்கிறாள். இருவருக்கும் படி ஏறி இறங்க ஆகாது. வேறு பெண்கள் வந்து பிடியரிசி எடுத்துப் போகிறார்கள். அவளுடைய பையனுக்கு ரயில்வேயில் வேலை. பெரிய உருவம். வாசலில் குனிந்துதான் வருவான்.

கலயம் அதே இடத்தில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அதை ஒருதரம் கவிழ்த்துப் பார்ப்பேன். உள்ளே தங்கினது ஒன்றும் விழக்கூடாது. விழவில்லை என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பேன்.